வெயிலுக்கு வந்த படக்கருவி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உன்னிச்சைக் குளத்தை நம்பி நெல் விளையும் நிலம், இலங்கையின் உலர் வலயத்தைச் சேர்ந்தது. குளமும் வயலும் இருந்தும் அவ்வலயத்திற் குடிகள் பெருகாமைக்கு மலேரியாக் காய்ச்சல் ஒரு பெருங்காரணம். 1946 முதல் வீடுதோறும் டி.டி.ரி. தெளிக்கப்பட, நுளம்பு ஒடுங்கிற்று; காய்ச்சலும் தணிந்தது. அப்போராட்டத்தைப் பற்றி அரசாங்கத் திரைப்படப் பிரிவுக்காக லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1954இல் ஒரு விவரணப்படம் ஆக்கினார்.

அக்காலக் கதைப்படங்களின் நிலை வேறு. முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். தயாரித்த இடம் தென்னிந்தியா. பின்வந்த பலவும் அவ்வாறே. பேச்சு மாத்திரம் சிங்களம். மெட்டும் போக்கும் இந்தியப் படத்தினுடையவை. இலங்கைக் கிராமமோ கலையகத்துச் சீலையில் தீட்டிய காட்சி!

விவரணப்படத்துக்குச் சீலைக் காட்சி உதவாது. குளம் இருக்குமிடத்துக்குப் படக்கருவியே போகவேண்டும். இப்பழக்கம் கைவந்த பீரிஸும், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும், தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வாவும் அரசாங்க வேலையைத் துறந்து, கிராமத்து வெயிலிலேயே 'ரேகாவ'வைப் படமாக்கினர். தோழியின் கண்ணொளியை மீட்ட சிறுவனை, மழை பொய்த்தபோது ஊரார் பழிப்பதே கதை. உலர் வலயத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1956இல் திரையிட்டபோது வசூல் கைகொடுக்கவில்லை. எனினும் 1957இற் கான் விழாப் போட்டியில் அது இடம்பெற்றது.

தமிழருக்கோ சென்னைப் படங்கள் குறைவின்றி வந்தன. உள்ளூரில் எடுத்த தமிழ்க் கதைப்படங்கள் 1962 அளவிலேயே தலைகாட்டின.