கல்லூரியிலிருந்து ஒரு கடிதம்!

மத்தியானச் சாப்பாடு முடிந்து, அடுப்படியை ஒழித்துப் போட்டுவிட்டு, சற்றுச் சாயலாம் என்று நினைக்கிறீர்கள். வாசலில் தபால்காரரின் குரல். கல்லூரியிலிருந்து கடிதம்! உங்கள் மகன் பரீட்சையில் காப்பி அடித்ததாகப் புகாராம். விளக்கம் எழுதிக் கொடுத்து, விசாரணைக் கமிட்டி முன் ஆஜராக வேண்டுமாம்.

கையும் ஓடாது, காலும் ஓடாது. "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, விஷயம் முடிந்துவிடும்" என்பாள் அடுத்த வீட்டு மாமி. அவசரப்படாதீர்கள், அம்மா! செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால், அந்தக் கடிதமே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

பிள்ளைகளுக்கும் நியாயம் உண்டு. 1954-இல் உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவர்கள் இன்டர்மீடியட் பாஸ் செய்தார்கள். பிறகு, முறைகேடு செய்ததாகச் சொல்லி, அவர்களை ஒரு வார்த்தைகூடக் கேட்காமலே போர்டு முடிவை ரத்துச் செய்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. மாணவர் தரப்பைக் கேட்காமல் அப்படித் தண்டித்தது தவறு என்று 1962-இல் தீர்ப்பாயிற்று. நியாயம் கிடைத்தது, ஆனால் எட்டு வருஷம் போனது போனதுதானே!

அதனால்தான் ஆரம்பத்திலேயே விவரம் தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். ஓய்வு பெற்ற புரொபஸர், உறவில் ஒரு வக்கீல், பையனை அறிந்த ஆசிரியர் - யாராயினும் சரி. குற்றச்சாட்டு என்ன, எந்த விதிப்படி, என்ன அத்தாட்சி என்பதை எழுத்து மூலம் கேட்கச் சொல்வார். பதிலைத் தேதி வாரியாக எழுத உதவுவார். அவகாசம் போதாவிட்டால் இன்னும் நாலு நாள் கேட்கச் சொல்வார்.

கல்லூரி விசாரணை கோர்ட் அல்ல. வக்கீலை உள்ளே அழைத்துப் போவது பொதுவாக உரிமை ஆகாது. துணைக்கு ஒருவர் வரலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கமிட்டியிலோ, 2013-ஆம் வருஷ விதிகளின்படி, இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது.

கல்லூரி தன் விதிகளையே மீறி நடந்திருந்தால், பல்கலைக் கழக மானியக் குழுவின் 2023-ஆம் வருஷ விதிப்படி மாணவர் குறைதீர்க்கும் கமிட்டியிடம் முறையிடலாம். அங்கே மாணவன் சார்பில் வேறொருவர் பேசவும் இடமுண்டு.

சரி, பையன் தப்பே செய்திருந்தால்? அப்போதும் துணை வேண்டும். உண்மையை ஒப்புக்கொள்ளவும், தப்புக்கு மீறிய தண்டனை வராமல் பார்க்கவும் ஒருவர் வேண்டுமல்லவா?

ஆனால், அந்தப் பெரியவரிடம் போவதற்கு முன், பிள்ளை உங்களிடம் வாயைத் திறக்க வேண்டும். ஆகவே கடிதம் வந்த அன்று அடியும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். காப்பி கலந்து கொடுத்துவிட்டு, "என்னடா நடந்தது, சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.