கறுப்புப் பட்டைக்கு வயது 19

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிள்ளையை விளையாட்டில் சேர்க்க முற்படும் பெற்றோர், அது உடலுக்கு என்ன தரும் என்பதைக் காட்டிலும் அதன் சான்றிதழ் எங்கே செல்லுபடியாகும் என்பதையே முதலில் கேட்பதுண்டு. சிமென்ட் ஆலைகளையும் பருத்தி, மக்காச்சோளச் சாகுபடியையும் நம்பிய பகுதியில் இதைப் பேராசை என்று ஒதுக்க இயலாது. அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீடு ஒருபுறமிருக்க, அரியலூரின் எளிய குடும்பத்தில் பிறந்து, 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணியில் இடம்பெற்ற கார்த்தி செல்வத்தின் வளர்ச்சியும் அக்கேள்விக்கு வலுச் சேர்க்கிறது.

இக்கணக்கில் ஜியு-ஜிட்சு எளிதில் அடங்குவதில்லை. ஜப்பானில் தோன்றி, 20-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் புதுவடிவம் பெற்ற இக்கலையில் குத்தும் உதையும் இல்லை. எதிராளியைத் தரையில் கிடத்தி, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ பணியவைப்பதே நோக்கம் என்பதால், சிக்கியவர் கையால் தட்டிய கணமே பிடியைத் தளர்த்த வேண்டும் என்பது அதன் முதல் விதி. கழுத்துப்பிடி என்றதும் அஞ்சும் பெற்றோர், கபடியில் பாடி வந்தவனின் கணுக்காலையும் தொடையையும் பற்றி நால்வர் மேலே விழுந்து அமுக்குவதைத் திருவிழாக் கூட்டத்தில் நின்று ரசிக்கிறார்கள். அங்கே ஆபத்து குறைவு என்பதாலன்று, கபடி ஊரார் அறிந்த ஆட்டம் என்பதால்தான். பெண் பிள்ளைகளின் பயிற்சியில் யார் யாரோடு பிடி போடுவது, பெண் பயிற்றுநர் உண்டா என்ற கேள்விகள் மட்டும் முற்றிலும் நியாயமானவை. அவற்றை எல்லா விளையாட்டுகளிலும் கேட்பதே முறை.

பெரிய இடைவெளி பட்டையில்தான் தெரிகிறது. பத்து வயதுச் சிறுவன் கராத்தே கறுப்புப் பட்டையுடன் நாளிதழ்ப் படத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி நீலப் பட்டைக்கே 16 வயதும் கறுப்புப் பட்டைக்கு 19 வயதும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஏமாற்றமளிக்கலாம்; ஆயினும் பிள்ளையின் படிநிலையை விரைவில் விற்க விடாத இவ்விதியே அக்கலையின் மீது மதிப்பை உண்டாக்குகிறது.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2018-இல் நுழைந்த ஜியு-ஜிட்சு ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை. அதே ஜப்பானிய மரபிலிருந்து ஜிகோரோ கானோ 1882-இல் வகுத்த ஜூடோவோ 1964-இலேயே ஒலிம்பிக்கை எட்டி, இந்தியப் பள்ளி விளையாட்டுகளிலும் இடம்பிடித்துவிட்டது. பிடிக்கலையும் சான்றிதழும் ஒருங்கே வேண்டும் குடும்பம், தன் கணக்கில் உறுதியாக நின்றால், ஜூடோவையே தேர்ந்தெடுக்கும்.