முழு வரைபடம் யாரிடமும் இல்லை

அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீபி தென் அமெரிக்காவின் கயானா காட்டில் பார்த்த ஓர் எறும்பு ஊர்வலத்தை 1921இல் வெளியான நூலொன்றில் விவரித்திருக்கிறார். படை எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அந்த வரிசைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. சுமார் 1,200 அடி சுற்றளவுள்ள வட்டம் அது. ஓர் எறும்பு ஒரு சுற்றை முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. நிறுத்த வழி தெரியாமல் சுற்றிச் சுற்றியே பெரும்பாலானவை செத்து விழுந்தன.

படை எறும்புக்கு அநேகமாகக் கண் தெரியாது. முன்னால் போனது விட்ட வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவது நடக்கும்; நடந்தபடியே தன் பங்குக்குத் தானும் கொஞ்சம் வாசனையை விட்டுவிட்டுப் போகும். தடம் எங்கோ வளைந்து தன்னையே தொட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒவ்வொரு எறும்பும் விதிப்படிதான் நடக்கிறது; அந்த விதிதான் அதைக் கொல்கிறது.

இணையத்தைக் கட்டியவர்களும் இதே நோயைப் பார்த்திருக்கிறார்கள். ‘ரூட்டிங் லூப்’ என்பது அவர்கள் வைத்த பெயர். எறும்புக்கும் இணையத்துக்கும் ஒரே வியாதி வருவதற்குக் காரணம், இரண்டும் ஒரே மாதிரி வழி கண்டுபிடிப்பதுதான்.

நீங்கள் அனுப்பும் ஒரு புகைப்படம் முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேல் போகாத சிறு பொட்டலங்களாக உடைந்து போகிறது. மூன்று மெகாபைட் படமென்றால் இரண்டாயிரம் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் போய்ச் சேரவேண்டிய முகவரி உண்டு, வழி கிடையாது. வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டரும் முகவரியைப் பார்த்து, அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் முடிவு செய்கிறது. தெரியாத ஊரில் வழி கேட்டால், “நேரா போங்க, ஒரு டீக்கடை வரும், அங்க கேளுங்க” என்பார்களே, அதேதான்.

முழு வரைபடமும் கையில் இருந்தால் கணக்கு சுலபம். அதை 1956இல் போட்டவர் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், வருங்கால மனைவியுடன் உட்கார்ந்திருந்தபோது, இருபது நிமிடத்தில் யோசித்தது என்று பின்னாளில் சொன்னார். கையில் காகிதமோ பென்சிலோ இல்லை. புதிதாகக் கட்டிய ‘ஆர்மாக்’ கணினியின் திறமையை மக்களுக்குக் காட்ட 64 டச்சு ஊர்களின் சாலை வரைபடத்தைச் சுருக்கிக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் குறுக்குவழி எது என்று கேட்டார்கள். அதற்காகப் பிறந்த முறை அது. புறப்படும் இடத்திலிருந்து மிக அருகில் உள்ள ஊரை முதலில் உறுதி செய்துகொள்வது, அதன் வழியாகப் போனால் மற்ற ஊர்கள் கிட்டே வருகின்றனவா என்று பார்ப்பது, மிச்சமிருப்பதில் அருகிலுள்ளதை அடுத்து உறுதி செய்வது. சேரவேண்டிய ஊர் வரும்வரை இப்படியே. 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக அச்சேறியது. ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ரவுட்டர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் போடுகின்றன.

கையில் வரைபடம் இல்லாதபோதுதான் சிக்கல். இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட்டில், 1969 முதல் பத்தாண்டுகள், ஒவ்வொரு கணுவும் பக்கத்துக் கணுக்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துக்கொண்டே இருந்தது: இன்னின்ன இடத்துக்கு என் வழியாகப் போனால் இவ்வளவு நேரம் ஆகும். யார் சொன்னது குறைவோ அவர் வழியே அனுப்ப வேண்டியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அ, ஆ, இ என்று வரிசையாக மூன்று ரவுட்டர்களை வைத்துப் பாருங்கள். ஆவிலிருந்து இக்கு ஒரு தாவல். அவிலிருந்து, ஆ வழியாக, இரண்டு தாவல். ஒருநாள் ஆவுக்கும் இக்கும் இடையிலான கம்பி அறுந்துபோகிறது. அந்தச் செய்தியை ஆ சொல்வதற்குள் அவிடமிருந்து வழக்கமான பட்டியல் வந்துவிடுகிறது: “இ என்னிடமிருந்து இரண்டு தாவல்தான்.” அ சொல்லும் அந்த வழியே தன் வழியாகப் போவதுதான் என்று ஆவுக்குத் தெரியாது. பரவாயில்லை, அ வழியாகப் போனால் மூன்று என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு அ தன் கணக்கை நான்காக்குகிறது. ஆ ஐந்து என்கிறது. இப்படி ஏறிக்கொண்டே போகும்போது, இக்குப் போகவேண்டிய பொட்டலங்கள் அவுக்கும் ஆவுக்கும் நடுவே பந்தாடப்படுகின்றன. கயானா காட்டு வட்டம் இங்கே இரண்டே ஆட்களோடு நடக்கிறது.

‘ரிப்’ என்ற பழைய வழித்திட்ட நெறிமுறை இதற்குக் கண்ட வைத்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: 16 என்றால் முடிவிலி என்று வைத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை பதினாறைத் தொட்டால், அந்த இடத்துக்கு வழியே இல்லை என்று அர்த்தம். கணித ஆசிரியர் கேட்டால் அடிக்க வருவார், ஆனால் வேலை நடக்கிறது.

எறும்பு நல்லபடியாக வழி கண்டுபிடிப்பதையும் பார்த்துவிடுவோம். 1980களின் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் ஜான்-லூயி டெனுபூர் குழுவினர் அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் தீனிக்கும் இடையே இரண்டு கிளையுள்ள பாலம் வைத்தார்கள். ஒரு கிளை மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் சரிபாதியாகப் போயின. குட்டைக் கிளையில் போனவை சீக்கிரம் திரும்பியதால் அங்கே வாசனை முதலில் கூடியது. கூடிய வாசனை மேலும் எறும்புகளை இழுத்தது. சில நிமிடங்களில் கூட்டத்தில் பெரும்பகுதி குட்டை வழிக்கு வந்துவிட்டது. நீளத்தை அளந்தவர் ஒருவரும் இல்லை.

இதைவிடச் சுவையானது அடுத்த சோதனை. முதலில் நீளக் கிளையை மட்டும் வைத்து, எறும்புகள் பழகிய பிறகு குட்டைக் கிளையைச் சேர்த்தார்கள். பெரும்பாலானவை பழைய வழியை விடவில்லை. அங்கே வாசனை அவ்வளவு ஏறியிருந்தது. இத்தாலியர் மார்கோ டொரிகோ 1992இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்த எறும்புகளைக் கணினி நிரலாக்கியபோது, வாசனை சீக்கிரம் ஆவியாகும்படி எழுதினார். மறக்கத் தெரிந்த எறும்புதான் புது வழிக்கு மாறும். அதே யோசனையில் 1998இல் ஆன்ட்நெட் என்ற முறையும் வந்தது. அதில் வலையமைப்பு முழுவதும் ‘எறும்புப் பொட்டலங்கள்’ அலைந்து வழி சோதிக்கின்றன.

மறப்பதில் எறும்பைவிடக் கெட்டிக்காரர் ஃபைசாரம் என்ற மஞ்சள் உயிரி. மூளை கிடையாது, நரம்பு கிடையாது, முழு உடலும் ஒரே செல். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் 36 ஓட்ஸ் துணுக்குகளை வைத்து இதை விட்டார்கள். முதலில் தட்டு முழுக்கப் பரவியது. பிறகு சத்து அதிகம் ஓடும் குழாய்களைத் தடிமனாக்கி, ஓடாதவற்றைச் சுருக்கிக்கொண்டது. ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மிஞ்சிய வலை, செலவிலும் திறனிலும் அறுபட்டால் தாக்குப்பிடிப்பதிலும் டோக்கியோ ரயில் பாதையோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

பக்கத்து ஆள் பொய் சொன்னால், அவர் சொல்வதை நம்பி வழி தேடும் முறை எதுவும் தாங்காது. 1973இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த அர்ப்பாநெட் கணுவின் நினைவகம் பழுதாகி, எல்லா இடத்துக்கும் என்னிடமிருந்து தூரம் பூஜ்யம் என்று அறிவித்தது. வலையமைப்பின் போக்குவரத்து அதை நோக்கிப் பாய்ந்தது.

இன்றைய இணையம் 70,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. அவற்றுக்கிடையே வழி சொல்லும் பி.ஜி.பி. நெறிமுறையும் சொன்னால் நம்பும் ரகம்தான். 1989இல் இரண்டு பொறியாளர்கள் மதிய உணவின்போது கைத்துடைப்புத் தாளில் வரைந்து தொடங்கியது அது. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூபைத் தன் நாட்டில் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகள் தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் நிறுவனமொன்றின் வழியாக உலகமெங்கும் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. ரவுட்டர்களின் விதிப்படி, சிறிய தொகுதியைச் சொல்பவர் துல்லியமாகச் சொல்கிறார் என்று அர்த்தம். உலகின் பெரும்பகுதியில் இரண்டு மணி நேரம் யூடியூப் இல்லை. யூடியூபும் அதே ஆயுதத்தைத்தான் எடுத்தது: 128 முகவரிகள் கொண்ட இன்னும் சிறிய தொகுதிகளாக அறிவித்து வழியை மீட்டது. முகவரிக்கு உரியவர் யார் என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறை அதற்குப் பிறகு மெல்லப் பரவிவருகிறது.

பொய்க்கு மருந்து அது. சுற்றிச் சுற்றிச் சாவதற்கு மருந்து வேறு. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயுள் என்று ஓர் எண் எழுதியிருக்கும். அதிகபட்சம் 255, வழக்கமாக 64 அல்லது 128. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. பூஜ்யம் ஆனால் பொட்டலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு, “இங்கே செத்தது” என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்கிறது. இந்த மரண அறிவிப்பை வேவுக்குப் பயன்படுத்தும் நிரலை 1980களின் இறுதியில் எழுதியவர் வான் ஜேக்கப்சன். முதல் பொட்டலத்துக்கு ஆயுள் 1 கொடுத்தால் முதல் ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கும், 2 கொடுத்தால் இரண்டாவது, இப்படியே கடைசிவரை. அந்த ‘டிரேஸ்ரூட்’ ஏதோ ஒரு வடிவில் இன்று பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. விண்டோஸில் கட்டளைப் பெட்டியைத் திறந்து ‘டிரேசர்ட்’ (tracert) என்று அடித்து ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். முதல் வரியில் வருவது பெரும்பாலும் உங்கள் வீட்டு ரவுட்டர். நடுவே நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தால் அந்த ரவுட்டர் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொட்டலம் போய்க்கொண்டுதான் இருக்கும். நேரம் சட்டென்று முப்பது, நாற்பது மில்லிநொடி கூடினால் அங்கே கடல் தாண்டியிருக்கலாம். திரையில் தெரிவது போகும் வழி மட்டும். ஒவ்வொரு நிறுவனமும் அடுத்தவர் பொட்டலத்தைத் தனக்கு அருகிலுள்ள வாசலிலேயே கைமாற்றிவிடப் பார்ப்பதால், பதில் திரும்பி வருவது பெரும்பாலும் வேறு பாதையில்.