மருத்துவமனையில் பார்க்கிங் தண்டமா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்குக் காலை பத்தேகாலுக்குக் கண் பரிசோதனை என்று கடிதம் வந்திருக்கும். போய்க் காத்திருந்தால் பன்னிரண்டு மணிக்குத்தான் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குத் துணையாகப் போன மகளால் நடுவில் எழுந்து ஓடிப்போய் பார்க்கிங் நேரத்தை நீட்டிவிட்டு வரவும் முடியாது. ஒரு வாரம் கழித்து, கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம் 100 பவுண்டு கேட்டுக் கடிதம் அனுப்பும். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிந்த சங்கதிதான்.

கடிதத்தைக் கண்டதும் சிலர் பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். சிலர் "தனியார் கம்பெனிதானே, என்ன செய்துவிடுவான்" என்று குப்பையில் போடுகிறார்கள். இரண்டுமே நட்டம். கட்ட வேண்டாத பணத்தைக் கட்டியவர் ஒரு பக்கம். பதில் போடாததால் நீதிமன்றத் தீர்ப்பைத் தலையில் வாங்கிக்கொண்டவர் இன்னொரு பக்கம். சரியான இடத்துக்கு, உரிய நாளுக்குள், எழுத்தில் பதில் போட்டால் இந்த இரண்டிலிருந்தும் தப்பலாம். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து நிலவரம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் என்.எச்.எஸ் மருத்துவமனைகளில் பார்க்கிங் பொதுவாக இலவசம். ஸ்கொட்லாந்தில் சட்டமும் வேறு.

கடிதம் யாரிடமிருந்து வந்தது?

முதலில் அனுப்பியவரின் பெயரைப் பாருங்கள். கவுன்சிலோ காவல்துறையோ அனுப்பியிருந்தால் அது அரசு விதித்த தண்டம். அதற்கு முறையிடும் வழி வேறு. தனியார் நிறுவனம் அனுப்பியது அப்படியல்ல. 'எங்கள் அறிவிப்புப் பலகையில் இருந்த நிபந்தனையை மீறிவிட்டீர்கள், அதற்கு இவ்வளவு தர வேண்டும்' என்று அது கேட்கிறது. அதாவது இது ஒப்பந்தத்தை வைத்துக் கேட்கும் பணம். குற்றத்துக்கான தண்டனை அல்ல. லைசென்ஸில் புள்ளி ஏறாது. தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபரிலிருந்தே தடைசெய்யப்பட்டுள்ளது.

உங்கள் முகவரி அவர்களுக்கு வாகனப் பதிவை வைத்திருக்கும் அரசு நிறுவனமான டி.வி.எல்.ஏ மூலம் கிடைக்கிறது. பி.பி.ஏ அல்லது ஐ.பி.சி என்ற பார்க்கிங் துறைச் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருக்கும் நிறுவனம் 2.50 பவுண்டு கட்டி அதைப் பெற்றுக்கொள்ளலாம். எந்தச் சங்கம் என்பது கடிதத்திலேயே இருக்கும். குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்தி மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். பார்க்கிங் தண்டம் என்ற பெயரில் மோசடிகளும் நடக்கின்றன.

தனியார் தண்டம் செல்லாது என்ற பேச்சை நம்ப வேண்டாம். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு விதித்த 85 பவுண்டு செல்லும் என்று 2015 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபந்தனை பெரிதாக, தெளிவாக எழுதப்பட்டிருந்ததும், இடத்தை ஒழுங்காக நடத்த அந்த நிறுவனத்துக்கு நியாயமான தேவை இருந்ததும் அங்கே பார்க்கப்பட்டன. ஆகவே, 'இது வெறும் கடதாசி' என்று வாதிட்டுப் பயனில்லை. உங்கள் விஷயத்தில் அந்த நிபந்தனைகள் ஒழுங்காக இருந்தனவா என்று கேட்பதுதான் பயன் தரும்.

மருத்துவமனையின் கதவை முதலில் தட்டுங்கள்

பலரும் தவறவிடும் இடம் இது. பார்க்கிங் நிறுவனத்தை அங்கே அமர்த்தியது மருத்துவமனை நிர்வாகம். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை என்.எச்.எஸ் மருத்துவமனைகளுக்கு வகுத்துள்ள பார்க்கிங் வழிகாட்டுதல், அமர்த்திய தனியாரின் செயலுக்கு நிர்வாகமே பொறுப்பு என்கிறது. சிகிச்சை நினைத்ததைவிட நீண்டுபோனது போல, ஓட்டுநரின் கையில் இல்லாத காரணத்தால் நேரம் கடந்தால் தண்டத்தை முழுவதுமாகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது. தண்டப் பணத்தையே வருமானமாக நம்பி நடக்கும் ஒப்பந்தங்களைப் போடக்கூடாது என்றும் சொல்கிறது. இது சட்டம் அல்ல, வழிகாட்டுதல்தான். ஆனால் அதைக் காட்டிக் கேட்கும்போது நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டிய நிலைக்கு வருகிறது.

மருத்துவமனைகளில் 'பால்ஸ்' என்று நோயாளர்களுக்கான ஆலோசனைப் பிரிவு இருக்கும். அவர்களுக்கும் நிர்வாகத்தின் பார்க்கிங் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சந்திப்புக் கடிதத்தின் பிரதி, எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள் என்பதற்கான ஆதாரம், தண்டக் கடிதத்தின் எண் ஆகியவற்றை இணையுங்கள். 'சிகிச்சை தாமதமானதால் நேரம் கடந்தது. சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல்படி இதை ரத்துசெய்யுமாறு உங்கள் ஒப்பந்த நிறுவனத்திடம் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அவசரப் பிரிவு, மரணப் படுக்கை, பிரசவம் போன்ற காரணங்களையும் இங்கேதான் சொல்ல வேண்டும். பின்னால் வரும் மேன்முறையீட்டு அமைப்புகள் பெரும்பாலும் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டுமே பார்க்கும். உங்கள் கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கும் இடம் மருத்துவமனைதான்.

யார் ஓட்டியது?

வாகனப் பதிவு ஆவணமான லாக்புக்கில் ஒருவர் பெயர் இருக்கும், காரை இன்னொருவர் ஓட்டியிருப்பார். நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் ஓட்டியவர்தான். ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது லாக்புக்கில் பெயர் உள்ளவரிடம் பணம் கேட்க, 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் அட்டவணை இடம் தருகிறது. ஆனால் அதற்கு நிறுவனம் சில விதிகளை இம்மி பிசகாமல் பின்பற்ற வேண்டும்.

கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை வைத்து அனுப்பும் கடிதமானால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் அது உங்கள் கையில் சேர வேண்டும். தபாலில் போட்ட இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால், 28 நாள் கழிந்த பிறகு, அடுத்த 28 நாளுக்குள் கடிதம் வர வேண்டும். இதில் தவறினால் லாக்புக்கில் பெயர் உள்ளவரிடம் கேட்கும் உரிமை போய்விடும்.

ஓட்டியவர் யார் என்று தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பொய் சொல்லவே கூடாது. சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. 'நான் நிறுத்தினேன்' என்று எழுதிவிட்டால் இந்த நாள் கணக்கால் பயனில்லை. 'இந்த வாகனத்தின் பதிவுப் பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தக் கோரிக்கையை மறுக்கிறேன். கார் நின்றது இன்ன காரணத்தால்' என்ற தோரணையில் எழுதுங்கள்.

படத்தில் இருப்பதும் இல்லாததும்

கேமராவை வைத்து அனுப்பும் கடிதத்தில் இரண்டு படங்கள் இருக்கும்: கார் நுழைந்தபோது எடுத்தது ஒன்று, வெளியேறியபோது எடுத்தது மற்றொன்று. நடுவில் இருக்கும் நேரம் முழுவதும் கார் நின்றதாகக் கணக்கிட்டிருப்பார்கள். இடம் தேடி மாடி மாடியாகச் சுற்றிய நேரம், வாசலில் நோயாளியைச் சக்கர நாற்காலியில் ஏற்றிய நேரம், வெளியேறும் வரிசையில் நின்ற நேரம் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கும். கட்டிய நேரம் முடிந்த பின்னும் பொதுவாகக் குறைந்தது 10 நிமிடச் சலுகை தர வேண்டும் என்பது இரு சங்கங்களும் 2024இல் வெளியிட்ட பொது நடத்தைக் கோவையின் விதி.

முடிந்தால் திரும்பப் போய்ப் பலகைகளைப் படம் எடுங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, தண்டத் தொகை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். பணம் கட்டிய ரசீதோ வங்கிப் பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள். பூச்சியத்துக்குப் பதில் 'ஓ' அழுத்திவிட்டது போன்ற சிறு தட்டச்சுப் பிழைக்கு வந்த தண்டத்தை, கட்டிய ஆதாரம் காட்டினால் ரத்துசெய்ய வேண்டும். உடற்குறைபாடு காரணமாகக் கூடுதல் நேரம் தேவைப்பட்டிருந்தால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

முறையீட்டின் ஒழுங்கு

1. மருத்துவமனைக்கு எழுதும்போதே பார்க்கிங் நிறுவனத்துக்கும் முறையீடு அனுப்புங்கள். அதற்குப் பொதுவாக 28 நாள் அவகாசம் உண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 40 வீதம் குறைவு என்று எழுதியிருக்கும். அந்த 14 நாளுக்குள்ளேயே முறையிடுவது நல்லது. நிராகரித்தாலும் பொதுவாக அந்தச் சலுகையை மறுபடி தருவார்கள்.

2. நிராகரித்தால், பி.பி.ஏ உறுப்பினரானால் 'பொப்லா' என்ற அமைப்புக்கு 28 நாளுக்குள் போகலாம். நிராகரிப்புக் கடிதத்தில் அதற்கான எண் இருக்கும். ஐ.பி.சி உறுப்பினரானால் 'ஐ.ஏ.எஸ்' என்ற அமைப்புக்கு 21 நாளுக்குள் போக வேண்டும். பொப்லாவுக்குக் கட்டணம் இல்லை. அங்கே நீங்கள் வென்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். தோற்றாலும் நீதிமன்றத்தில் வாதிடும் உரிமை உங்களுக்கு இருக்கும்.

3. அங்கே சட்டக் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: கடிதம் வந்த நாள், பலகையின் தெளிவு, சலுகை நேரம். அந்த இடத்தில் தண்டம் விதிக்க மருத்துவமனை கொடுத்த எழுத்து அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடன் வசூல் கடிதமும் நீதிமன்றக் கடிதமும்

கட்டாவிட்டால் கடன் வசூல் நிறுவனங்கள் சிவப்பெழுத்தில் கடிதம் அனுப்பும், 70 பவுண்டு வரை கூட்டியும் கேட்கும். அவர்களுக்கு வீட்டுக்குள் வந்து பொருளை எடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் 'வழக்குத் தொடுக்கப் போகிறோம்' என்று 30 நாள் தந்து வரும் கடிதத்துக்கு அவசியம் பதில் எழுதுங்கள். உண்மையான நீதிமன்றப் படிவம் வந்துவிட்டால், அது சேர்ந்ததாகக் கொள்ளப்படும் நாளிலிருந்து 14 நாளுக்குள் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரும்.

அந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்காமல், ஒரு மாதத்துக்குள் பணத்தையும் கட்டாமல் விட்டால், அது ஆறு ஆண்டு பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது தெரியவரும். வீடு மாறியவர்களுக்கு இது பெரிய அபாயம்: லாக்புக்கில் பழைய முகவரியே இருந்தால் எல்லாக் கடிதமும் அங்கேதான் போகும். முகவரியை இன்றே மாற்றுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அலுவலகத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.

அடுத்த முறை போகும்முன்

உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்கள், அடிக்கடி வெளிநோயாளராக வருபவர்கள், இரவில் பிள்ளையுடன் தங்கும் பெற்றோர், இரவுப் பணியாளர்கள் ஆகியோருக்கு இங்கிலாந்தின் என்.எச்.எஸ் மருத்துவமனைகளில் பார்க்கிங் இலவசம். அடிக்கடி என்றால், மூன்று மாதமாவது, மாதம் மூன்று தடவையாவது வருவது. டயாலிசிஸுக்கும் கீமோதெரபிக்கும் பெற்றோரைக் கூட்டிப்போகும் பலர் இது தெரியாமலே பணம் கட்டுகிறார்கள். பல இடங்களில் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். வரவேற்பு மேசையிலேயே கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் பயணச் செலவுத் திட்டத்தின் கீழ், தவிர்க்க முடியாத பார்க்கிங் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம்.

உங்கள் தண்டம் ரத்தானாலும் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு புகார் எழுதி அனுப்புங்கள். புகார்கள் சேர்ந்தால்தான் பார்க்கிங் ஒப்பந்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும். ஆங்கிலம் தெரியாமல், யாரிடம் கேட்பது என்றும் புரியாமல் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டுப் போகும் நம் முதியவர்களுக்காகவும் அந்தப் புகாரை எழுதுங்கள்.