வரி இப்போதா, முதுமையிலா?

1963 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரிலிருந்த ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயதைத் தொட்ட தொழிலாளர்களுக்கும் ஓய்வூதியம் முழுதாகக் கிடைத்தது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேர வேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் கைக்கு வந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அந்த அதிர்ச்சி அடங்கவேயில்லை. கம்பெனி ஓய்வூதியங்களைக் கண்காணிக்கும் சட்டத்தில் 1974 செப்டம்பர் 2 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வூதியக் கணக்கு அந்தச் சட்டத்தில்தான் பிறந்தது. வேலை பார்க்குமிடத்தில் ஓய்வூதியமே இல்லாதவர்கள், தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி ஆண்டுக்கு அதிகபட்சம் 1,500 டாலர் போடலாம் என்பது அன்றைய விதி. அந்தத் தொகைக்கு அப்போதைக்கு வருமான வரி கிடையாது.

அந்த வரம்பு 2025இல் 7,000 டாலராக இருந்தது. ஐம்பது வயதானவர்களால் அந்த ஆண்டில் கூடுதலாக 1,000 போட முடிந்தது. கணக்குக்குள் பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வைப்புத்தொகை போன்றவற்றை வாங்கலாம், விற்கலாம், மாற்றலாம். அதற்கெல்லாம் வரி இல்லை. வெளியே எடுக்கும்போதுதான் அது வருமானமாகிறது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. எடுக்காமலே வைத்திருக்கவும் முடியாது. 73 வயதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதியை எடுத்தே ஆக வேண்டும்.

1998இல் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய ராத் ஐஆர்ஏ வந்தது. முன்னெடுத்தவர் டெலவேர் செனட்டர் வில்லியம் ராத். இதில் போடும்போது சலுகை இல்லை. விதிப்படி காத்திருந்து எடுத்தால் அசலுக்கும் லாபத்துக்கும் வரியே இல்லை.

இரண்டில் எது லாபம்? 1,000 டாலர் சம்பாதித்த ஒருவருக்கு 25 சதவீத வரி என்றும், போட்ட பணம் ஓய்வுக்குள் நான்கு மடங்காகும் என்றும் வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 1,000 போட்டால் 4,000 ஆகும். வரி போக 3,000. ராத்தில் வரி கட்டி மிஞ்சிய 750ஐப் போட்டால், அதுவும் 3,000தான்! வரி விகிதம் மாறாதவரை வித்தியாசமே இல்லை. ஆகவே, வருமானம் குறைவாக உள்ள இளவயதில் ராத்தும், சம்பளம் உச்சத்தில் இருக்கும்போது பழைய கணக்கும் பொதுவாகக் கைகொடுக்கும். வருமானம் மிக அதிகமென்றால் ராத்தில் நேரடியாகப் பணம் போட முடியாது.

ஆனாலும் ராத் கணக்கில் பெருஞ்செல்வம் குவிவதை அந்தத் தடை நிறுத்திவிடவில்லை. முதலீட்டாளர் பீட்டர் தீல் 1999இல், பின்னாளில் பேபால் ஆன நிறுவனத்தின் 17 லட்சம் பங்குகளை, பங்குக்கு 0.001 டாலர் விலையில் தன் ராத் கணக்கில் வாங்கினார். மொத்தச் செலவு 1,700 டாலர். 2019இல் அந்தக் கணக்கில் 500 கோடி டாலர் இருந்ததைச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகா 2021இல் வெளிப்படுத்தியது. ஓய்வூதியமே இல்லாதவர்களுக்காகத் தொடங்கிய சலுகை இப்படிப் பயன்படுவது நியாயமே அல்ல.

ஏழைத் தொழிலாளியின் நிலைமை வேறு. வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு வரிச்சலுகையால் என்ன பயன்? 2022இல் இயற்றிய சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. 2027 முதல், குறைந்த வருமானக்காரர் 2,000 டாலர் சேமித்தால், அரசு தன் பங்காக 1,000 டாலர் வரை அவரது ஓய்வுக்காலக் கணக்கிலேயே நேரடியாகப் போடும்.