எட்டுப் பேர் ஆட்டம்... எட்டுப் பேருக்கும் கவனம்!

குழந்தைகளே! ஸ்காட்லாந்து என்றதும், கட்டம் போட்ட 'கில்ட்' அணிந்த ஆண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த நாட்டில் 'ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ்' என்ற கூட்டு நடனமும் உண்டு. பெரும்பாலும் 4 ஜோடிகள், எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று ஆடுவார்கள். இந்த நடனத்தைக் காப்பாற்ற, 1923-ல் கிளாஸ்கோ நகரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கிய இரு பெண்களில் ஒருவர் ஜீன் மில்லிகன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உடற்பயிற்சி கற்பித்தவர்.

'ரீல்', 'ஜிக்' வகை ஆட்டங்கள் வேகமானவை. காலடிக்குக் காலடி ஒரு துள்ளல்! ஒவ்வொரு துள்ளலிலும் உடம்பின் பாரம் முழுவதும் ஒரே காலில் இறங்கும். அதனால் கெண்டைக்கால், கணுக்கால், முழங்கால் மூன்றும் எளிதில் அடிபடும்.

நல்ல ஆசிரியர் எப்படிக் கற்றுத் தருவார், தெரியுமா?

* முதலில் மெல்ல நடக்கவிட்டு, உடம்பைச் சூடேற்றுவார். சூடேறிய தசைதான் நன்றாக வளைந்து கொடுக்கும்.

* இசை இல்லாமல், ஆட்டம் முழுவதையும் நடந்தே பழகச் சொல்வார். யார் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிட்டால், மோதல் இருக்காது.

* குதித்து இறங்கும்போது, முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும். முழங்கால் லேசாக மடங்க வேண்டும். அப்போதுதான் அதிர்ச்சி குறையும்.

* பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும்போது இடுப்பிலிருந்து திருப்ப வேண்டும். இடுப்பில் இருப்பது பந்துக் கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் திரும்பும். முழங்கால், கதவுக் கீல் போன்றது. அதை முறுக்கினால் வலிதான் மிஞ்சும்.

* கைகோத்துச் சுற்றும்போது அடுத்தவர் கையை இழுக்கக்கூடாது. தோள் பிசகிவிடும்.

* சிமென்ட் தரையைவிட மரத்தரை நல்லது. அது சற்றே அமுங்கிக் கொடுக்கும்.

கணுக்கால் சுளுக்கிக் கொண்டால்? உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமார் 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி ஓய்வெடுக்க வேண்டும். வீக்கம் அதிகமானாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

'நாம் விலகினால் மற்ற 7 பேரின் ஆட்டமும் கெட்டுவிடுமே' என்று வலியை மறைப்பவர்கள் உண்டு. அது தவறு. நொண்டிக்கொண்டே ஆடுபவர் தடுமாறி விழுந்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் அடிபடும். "டீச்சர், கால் வலிக்குது" என்று உடனே சொல்பவர்தான், தன்னோடு ஆடும் அத்தனை பேரையும் காப்பாற்றுகிறார்.

பரதமோ, கும்மியோ, கோலாட்டமோ... நீங்கள் ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இது பொருந்தும், குழந்தைகளே!