காக்கையும் பனம்பழமும்: 5ஜி வதந்தி பரவிய விதம்

பெருந்துயரம் நேரும்போது அதன் காரணமும் அதே அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மனித மனம் எதிர்பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் ஒன்று உலகையே முடக்கிவிட்டது என்ற விளக்கம் உண்மையாக இருந்தும் மனத்துக்கு நிறைவு தருவதில்லை. வலிமை மிக்க சிலர் மறைவில் திட்டமிட்டுச் செய்தார்கள் என்ற கதையோ, துயரத்துக்கு ஒரு காரணத்தையும் கோபத்துக்கு ஓர் இலக்கையும் உடனே தந்துவிடுகிறது. இத்தகைய கதையே சதிக்கோட்பாடு எனப்படுகிறது. கொரோனா காலத்தில் 5ஜி தொழில்நுட்பத்தையும் நோயையும் முடிச்சுப் போட்ட கதை, சதிக்கோட்பாடு எப்படி முளைத்து எப்படிப் பரவுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2020 ஜனவரி 22 அன்று பெல்ஜிய நாளிதழ் ஒன்று, 5ஜி உயிருக்கு ஆபத்தானது என்று கூறிய மருத்துவர் ஒருவரின் பேட்டியை வெளியிட்டு, சீனாவில் பரவத் தொடங்கியிருந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற குறிப்பையும் அதில் சேர்த்தது. சில மணி நேரத்திலேயே கட்டுரை இணையத்திலிருந்து நீக்கப்பட்டபோதும், செல்போன் கோபுரங்களைப் பற்றி ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருந்த ஃபேஸ்புக் குழுக்கள் அதைப் பற்றிக்கொண்டன. வூஹான் நகருக்கு 2019இல் 5ஜி வந்தது. அதே ஆண்டின் இறுதியில் அங்கே நோயும் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல, அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டில் முந்தையது பிந்தையதற்குக் காரணமாக்கப்பட்டது.

இயற்பியல் இதற்கு இடம் தருவதில்லை. எடுத்துக்காட்டாக, இந்த வதந்தி பரவிய பிரிட்டனில் அப்போது பயன்பட்ட 5ஜி அலைகள் விநாடிக்குச் சுமார் 350 கோடி முறை அதிர்பவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ அதைப் போல லட்சம் மடங்குக்கும் அதிகமாக அதிர்கிறது. அதிர்வெண் கூடக் கூடத்தான் அலைத்துகளின் ஆற்றலும் கூடும் என்பதால், வீட்டு மின்விளக்கின் ஒளியை விடவும் மிகக் குறைந்த ஆற்றலையே 5ஜி அலையின் ஒவ்வொரு துகளும் சுமக்கிறது. பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 10 நகரங்களில் 5ஜி கோபுரங்களின் அருகே அளந்தபோது, பதிவான மிக உயர்ந்த அளவே சர்வதேசப் பாதுகாப்பு வரம்பில் ஏறத்தாழ 1.5 சதவீதமாகத்தான் இருந்தது.

ஆனாலும் விளக்கத்தை விட வதந்தி வேகமாக ஓடியது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் வலம்வந்த ஏறக்குறைய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது: 1,500 பேரைச் சென்றடைய, பொய்ச் செய்தியைப் போல் சுமார் ஆறு மடங்கு நேரம் உண்மைச் செய்திக்குத் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் இந்த இடைவெளி மாறவில்லை. புதுமையும் வியப்பும் அருவருப்பும் கலந்த செய்தியை மனிதர்களே விரும்பிப் பகிர்ந்திருந்தார்கள். ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மையாகவே தோன்றத் தொடங்கும் என்பதும் 1977 முதல் சோதனைகளில் உறுதிப்பட்டு வருகிறது. ஐந்து குழுக்களிலிருந்து ஒருவருக்கு வந்துசேரும் அதே செய்தி, ஐந்து தனித்தனிச் சாட்சிகளைப் போல மனத்தில் பதிந்துவிடுகிறது.

2020 ஏப்ரலில் பிரிட்டனில் பல கோபுரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. அவற்றில் சில 5ஜி கோபுரங்களே அல்ல. பர்மிங்ஹாமில் கொரோனா நோயாளிகளுக்காக அமைக்கப்பட்ட தற்காலிக மருத்துவமனைக்கு இணைப்பு வழங்கிய கோபுரமும் தாக்கப்பட்டது. படுக்கையருகே உறவினர் வர இயலாத அந்நாட்களில், நோயாளியின் குரலைக் குடும்பத்தாருக்குக் கொண்டுசேர்க்க உதவியவை இத்தகைய கோபுரங்களின் அலைகள். மக்களைக் காப்பதாக நம்பி வைத்த தீ, அவர்களுள் மிகவும் நலிந்தவர்களின் பேச்சுத் துணையைக் குறிவைத்தது.

கதையை மறுக்க வரும் சான்றையும் சதியின் அங்கமாக மாற்றிக்கொள்வதே சதிக்கோட்பாட்டின் வலிமை. மறுக்கும் விஞ்ஞானி விலைபோனவர் ஆகிறார், நீக்கப்பட்ட கட்டுரை மறைக்கப்பட்ட உண்மை ஆகிறது. எனவே ஒரு கதையை ஏற்குமுன், எந்தச் சான்று கிடைத்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எதுவுமே இல்லை என்பது பதிலானால், அது அறிவின் எல்லையைத் தாண்டிவிட்ட கதை. தடுப்பூசி நோயை முந்துவது போல, வதந்தியின் உத்திகளை மக்களுக்கு முன்கூட்டியே விளக்குவது பயன் தரும் என்ற கருத்தும் 1960களில் உளவியலாளர் வில்லியம் மெக்கயர் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததாகும்.

முந்திக்கொள்வதன் அவசியத்தை இந்திய அனுபவமும் உணர்த்துகிறது. கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 4 அன்று 5ஜி சோதனைகளுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது. மரணங்களுக்கு இச்சோதனைகளே காரணம் என்ற வதந்தி சமூக ஊடகங்களில் பரவ, நாட்டில் எங்குமே சோதனை தொடங்கவில்லை என்று தொலைத்தொடர்புத் துறை மே 10 அன்று அறிவிக்க நேர்ந்தது. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதோ 2022 அக்டோபர் 1 அன்றுதான். பிணங்களை எரிக்க இடமின்றித் தவித்த ஒரு சமூகம் காரணம் கேட்டது இயல்பே. அக்கேள்வியைப் பேதைமை என்று ஒதுக்குவது அறிவியலுக்கு அழகன்று. எங்கும் எதுவும் தொடங்கவில்லை என்ற அந்த ஒரு வரி, மே 4ஆம் தேதி அனுமதியோடு சேர்த்தே எளிய மொழியில் சொல்லப்பட்டிருந்தால், வதந்தி வேரூன்றக் கிடைத்த அந்த ஆறு நாள் இடைவெளி பெருமளவு குறைந்திருக்கும்.